மூட்டையை யார் தூக்குவாங்க?

போன எபிசோடில் ஒரு கேள்வி வந்திருந்தது: "நீங்க எழுதின கோடிலேயே ரொம்ப வருத்தப்பட்ட கோடு எது?" ஜாலியா ஏதாவது புரொடக்‌ஷன் டவுன் ஆன கதை சொல்லுவேன்னு எதிர்பார்த்திருப்பீங்க. என்கிட்ட இருக்கிற கதை ஒரு பாய்லர் பத்தினது. ஸ்காட்லாந்து மேற்குக் கரையில ஒரு சின்ன கடலோர ஊர், அங்க வீடுகளுக்கு மரத்தூள் பாய்லர் மாட்டுற வேலை. அந்த வேலையில நான் சென்னையில ஏசி ரூம்ல உட்கார்ந்து எழுதின மூணே மூணு வரி. அதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

முதல்ல பாய்லர்னா என்னன்னு சொல்லிடுறேன். நம்ம பாட்டி வீட்டுல ஒரு செம்பு பாய்லர் இருந்திருக்கும். நடுவுல ஒரு குழாய், அதுல சிரட்டையும் விறகும் போட்டு எரிப்பாங்க, சுத்தி இருக்கிற தண்ணி கொதிக்கும். இதுவும் கிட்டத்தட்ட அதே கதைதான். அங்க சுட்ட தண்ணி குளிக்க மட்டும் போகாது, பம்ப் வச்சு வீட்டுல ஒவ்வொரு ரூம்லயும் இருக்கிற ரேடியேட்டருக்குப் போகும். வீடே அதாலதான் சூடாகும். எரிபொருள் பெல்லட். மரம் அறுக்கிற மில்லுல மிஞ்சுற தூளைக் காயவச்சு, அழுத்தி, 6 மில்லிமீட்டர் தடிமன்ல குச்சி குச்சியா எடுப்பாங்க. பசை எதுவும் தேவையில்லை. அழுத்துற சூட்டுல மரத்துக்குள்ள இருக்கிற லிக்னின் இளகி, அதுவே ஒட்டிக்கும். பார்க்க மாட்டுத்தீவனம் மாதிரியே இருக்கும்.

ஏன் அங்க இது தேவைப்பட்டது? பிரிட்டன்ல பெரும்பாலான வீட்டுக்கு கேஸ் பைப் இருக்கு. ஆனா ஸ்காட்லாந்தோட வடமேற்கு மூலைக்கு அந்தப் பைப் போகல. நடுவுல மலை, ஏரி. ஊருக்கு ஊர் அம்பது அறுபது கிலோமீட்டர் தூரம். அதனால அங்க வீட்டைச் சூடாக்க லாரியில வர்ற ஹீட்டிங் ஆயில், இல்லன்னா கரி, இல்லன்னா கரண்ட். ஆயில் விலை ஏறினா ஊரே நடுங்கும். சுத்தி மலை முழுக்க ஸ்ப்ரூஸ் மரக்காடு நிக்குது, மில்லுல தூள் மிஞ்சுது. அதை ஏன் எரிக்கக் கூடாதுன்னு கேட்கிறது நியாயம்தானே?

காகிதத்துல கணக்கும் நல்லாத்தான் இருக்கும். ஒரு கிலோ பெல்லட்ல ஏறக்குறைய 4.8 யூனிட் சக்தி இருக்கு. யூனிட்னா நம்ம கரண்ட் பில்லுல வருமே, அதே யூனிட். ஒரு லிட்டர் ஆயில்ல சுமார் 10 யூனிட். ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு 15,000 யூனிட் சூடு வேணும்னு வச்சுக்கோங்க. புகைபோக்கி வழியா போற நஷ்டத்தையும் சேர்த்தா மூணரை டன் பெல்லட் வேணும். பத்து கிலோ மூட்டைன்னா 350 மூட்டை.

இந்த 350-ஐ ஞாபகம் வச்சுக்கோங்க. நான் எக்செல்ல இந்த நம்பரைப் பல தடவை பார்த்திருக்கேன். ஒரு தடவை கூட அதை ஒருத்தர் தூக்கணும்னு எனக்குத் தோணல.

இப்போ காசு. இந்த பாய்லரை மாட்ட பத்தாயிரம் பவுண்டுக்கு மேல ஆகும். அதை யார் போடுவா? அதுக்காக பிரிட்டிஷ் அரசு, புதுப்பிக்கத்தக்க வெப்பத்துக்கு ஊக்கத்தொகைன்னு ஒரு திட்டம் கொண்டு வந்தது. வீடுகளுக்கு 2014 ஏப்ரல்ல தொடங்கினது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூணுக்கும் சேர்த்து. பாய்லர் மாட்டினா, ஒரு யூனிட் சூட்டுக்கு இத்தனை பென்ஸ்னு ஏழு வருஷம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை கையில காசு. ஆரம்பத்துல பயோமாஸுக்கு 12.2 பென்ஸ். ஆள் சேரச் சேர ரேட்டைக் குறைச்சுக்கிட்டே வந்தாங்க.

இதுல ஒரு முக்கியமான நுணுக்கம் இருக்கு. பெரும்பாலான வீடுகள்ல மீட்டர் வச்சு நீங்க எரிச்சதை அளந்து காசு கொடுக்கல. வீட்டோட எனர்ஜி சான்றிதழ்ல "இந்த வீட்டுக்கு இவ்வளவு சூடு தேவைப்படும்"னு ஒரு மதிப்பீடு இருக்கும். அதை வச்சுத்தான் காசு. கூட எரிச்சா கூட வராது.

ஏன் அப்படின்னு புரியணும்னா வட அயர்லாந்தைப் பார்க்கணும். அங்க 2012-ல கடைகள், பண்ணைகள் மாதிரி இடங்களுக்குன்னு தனியா ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. அதுல மீட்டர்ல ஓடுற ஒவ்வொரு யூனிட்டுக்கும் காசு. இவ்வளவுக்கு மேல எரிச்சா ரேட் குறையும்ங்கிற விதியை வைக்கல. சில பாய்லர்ல பெல்லட் விலையை விட ஊக்கத்தொகை அதிகம். எரிக்க எரிக்க லாபம். என்ன நடக்கும்? எரிப்பாங்க. அரசுக்கு 20 வருஷத்துல 49 கோடி பவுண்டு வரைக்கும் கூடுதல் செலவாகலாம்னு கணக்கு வந்துச்சு. 2016-ல கடையை மூடினாங்க. 2017 ஜனவரியில துணை முதலமைச்சர் மார்ட்டின் மெக்கின்னஸ் ராஜினாமா பண்ணி, ஆட்சியே கவிழ்ந்து, 2020 ஜனவரி வரைக்கும் அங்க அரசாங்கம் இல்லை. ஒரு இஃப் கண்டிஷன் விட்டுப் போனதுல ஒரு சட்டசபை மூணு வருஷம் முடங்கினதுன்னு ஆபீஸ்ல நாங்க இதைச் சொல்லிச் சிரிப்போம். சிரிச்சதுல நானும் ஒருத்தன்.

சரி, என் கதைக்கு வர்றேன்.

நான் படிச்சது மெக்கானிக்கல். வேலை பார்க்கிறது ஐடியில. இதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல, நம்மள்ல பாதிப் பேரு அப்படித்தான். 2021-ல எங்க டீமுக்கு ஒரு கிளையன்ட் வந்தாங்க. ஸ்காட்லாந்துல பெல்லட் பாய்லர் மாட்டி, பராமரிக்கிற ஒரு சின்ன கம்பெனி. மாட்டின பாய்லர்ல எல்லாம் ஒரு குட்டிப் பெட்டி வச்சிருந்தாங்க. அது தண்ணி சூடு, புகை சூடு, மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுது, பெல்லட் தொட்டியோட மூடி எப்போ திறக்குது, எல்லாத்தையும் அனுப்பும். அதை வச்சு டாஷ்போர்டு பண்ணணும். டீம்லயே தெர்மல் பாஸ் பண்ணவன் நான் ஒருத்தன்தான். "நீயே எடுத்துக்கோ"ன்னுட்டாங்க. எனக்கும் சந்தோஷம். நாலு வருஷம் படிச்சது கடைசியில எதுக்கோ உதவுதேன்னு.

அக்டோபர்ல ஒரு வீட்டோட டேட்டா கோணல்மாணலா வர ஆரம்பிச்சது. எங்களுக்கு அது வெறும் ஒரு ஐடி நம்பர். முந்தின குளிர்காலத்துல அந்த வீட்டு மூடி இரண்டு நாளைக்கு ஒரு தடவை திறக்கும். ஒரு பத்து நிமிஷம் திறந்தே இருக்கும், அப்புறம் மூடும். அதாவது ஒரு ஆள் நின்னு அஞ்சு மூட்டையைக் கொட்டி முடிக்கிற நேரம். இந்த அக்டோபர்ல அதே மூடி ஒரு நாளைக்கு அஞ்சு தடவை, ஆறு தடவை திறந்தது. ஒவ்வொரு தடவையும் பத்து செகண்ட், பதினைஞ்சு செகண்ட். அவ்வளவுதான்.

இதை நீங்க பார்த்தா என்ன நினைப்பீங்க? நான் சென்சார் நாய்ஸ்னு நினைச்சேன். கடலோர ஊர், உப்புக்காத்து, சுவிட்ச்ல துரு ஏறியிருக்கும், காத்துல மூடி ஆடுது. எவ்வளவு அழகான விளக்கம் பாருங்க. மெக்கானிக்கல் படிச்சவன் மட்டும்தான் இப்படி நம்பிக்கையோட தப்பு பண்ண முடியும். மூணு வரி எழுதினேன்: மூடி முப்பது செகண்டுக்குள்ள மூடிடுச்சுன்னா அந்தத் திறப்பைக் கணக்குல எடுக்காதே. டெஸ்ட் பாஸ். மெர்ஜ் ஆயிடுச்சு. கிராஃப் சுத்தமா, நேரா வந்தது. டெமோவுல பாராட்டு கூட வாங்கினேன்.

அந்த ஃபில்டர் போட்டதும் அந்த வீட்டுல பெல்லட் போட்டதா ஒரு பதிவும் இல்லாமப் போச்சு. இன்னொரு பக்கம், பாய்லர் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்தது. முன்னை மாதிரி இல்ல, பாதிக்குக் கொஞ்சம் மேல. ஆனா எரிஞ்சது. எரிபொருளே போடாம ஒரு பாய்லர் எப்படி எரியும்? ரெண்டு கோடும் ஒரே ஸ்கிரீன்ல, ஒண்ணுக்கு மேல ஒண்ணு இருந்தது. நான் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

சிஸ்டத்துல இன்னொரு விதி இருந்தது. குளிர்காலத்துல மூணு வாரம் பெல்லட் போடாம, சூடும் குறைஞ்சிருந்தா, வீட்டுக்காரருக்குத் தானா ஒரு மெயில் போகும். "உங்கள் பாய்லர் போதுமான அளவு பயன்படுத்தப்படவில்லை. இது உங்கள் ஊக்கத்தொகையைப் பாதிக்கக்கூடும்." அந்த வாக்கியத்தை யார் எழுதினாங்கன்னு தெரியல. ஆனா டெம்ப்ளேட்டை ரிவ்யூ பண்ணி ஓகே சொன்னவன் நான். நவம்பர் நடுவுல அந்த மெயில் அந்த வீட்டுக்குப் போச்சு.

ஜனவரி கடைசியில என்னை மூணு வாரம் ஆன்சைட் அனுப்பினாங்க. காரணம் அவசரம். அந்த ஊக்கத்தொகைத் திட்டம் 2022 மார்ச் 31-ஓட மூடுது. அதுக்குள்ள மாட்டி, விண்ணப்பம் போட்டாத்தான் காசு. கிளையன்ட் கம்பெனி ஓட்டமா ஓடி பாய்லர் மாட்டிக்கிட்டு இருந்தாங்க, ஒவ்வொரு புது பாய்லரோடயும் எங்க பெட்டியை இணைக்கணும்.

இன்வெர்னஸ்ல இறங்கி, அங்கிருந்து மேற்கே வேன்ல ஒன்றரை மணி நேரம். ஊருன்னா வெள்ளையடிச்ச வீடுகள் ரெண்டு மூணு வரிசை, ஒரு துறைமுகம், ஒரு மீன் கடை, ஆயிரத்துச் சொச்சம் ஜனம். மதியம் நாலரைக்கெல்லாம் இருட்டிடும். பனி கொட்டும்னு நினைச்சுப் போனேன். அங்க குளிர்னா ஈரம்தான். சுவரு, சட்டை, படுக்கை எல்லாத்துலயும் ஈரம் ஏறி உட்கார்ந்திருக்கும்.

என்னை ஒரு ஃபிட்டரோட சேர்த்துவிட்டாங்க. அறுபது வயசு தாண்டினவர். என்னை "சன்"னுதான் கூப்பிடுவார், நம்ம ஊர் "தம்பி" மாதிரி. அவர்கிட்ட முதல் நாள்ல கத்துக்கிட்டது நாலு வருஷ காலேஜை விட ஜாஸ்தி.

பாய்லரை இறக்குறதே ஒரு பெரிய வேலை. முந்நூறு கிலோவுக்குப் பக்கம். வீட்டுக்குள்ள இடம் இருக்காது, பின்பக்கம் ஒரு கொட்டகையில வைக்கணும். தரை சமமா கான்கிரீட் போட்டிருக்கணும். பக்கத்துல ஒரு பெரிய தண்ணி டேங்க். பாய்லரை கேஸ் அடுப்பு மாதிரி சட்டுனு ஆன், சட்டுனு ஆஃப் பண்ணக் கூடாது. அடிக்கடி அணைச்சுப் பத்த வச்சா கரி படியும், சீக்கிரம் கெட்டுப்போகும். அதனால நிதானமா எரிச்சு, சூட்டை டேங்க்ல சேர்த்து வச்சு, அங்கிருந்து வீட்டுக்கு எடுத்துக்கணும். புகைபோக்கிக்கு 316 கிரேடு ஸ்டீல்தான் போடுவார். விலை குறைஞ்ச 304-ஐத் தொட மாட்டார். கடல் உப்பு அதைப் புள்ளி புள்ளியா அரிச்சிடுமாம். பெல்லட்ல தண்ணி பட்டா ஒரே ராத்திரியில ஊதி மறுபடியும் மரத்தூளாயிடும். பெல்லட்டை மூடின ரூம்ல கொட்டி வச்சா அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். எரிக்கவே வேண்டாம், சும்மா கிடந்தாலே வரும். ஐரோப்பாவுல அப்படிப்பட்ட ரூமுக்குள்ள இறங்கினவங்க செத்திருக்காங்க. "கதவைத் திறந்து வை, காத்தாடட்டும், அப்புறமும் தனியா உள்ள போகாதே"ன்னார்.

ஆனா என்னை உலுக்கினது அவர் சர்வே பண்ற விதம். எங்ககிட்ட ஒரு ஃபார்ம் இருந்தது. எத்தனை ரூம், எத்தனை ஜன்னல், சுவர் தடிமன், எத்தனை யூனிட். நாப்பத்திரெண்டு கேள்வி. அவர் அதையெல்லாம் பத்து நிமிஷத்துல முடிச்சிட்டு, டீ வாங்கிக் குடிச்சுக்கிட்டே பேச ஆரம்பிப்பார். லாரி எது வரைக்கும் வரும்? பெல்லட்டைக் குழாய் வழியா ஊதி நிரப்புற லாரின்னா வாசல்லருந்து இருபது முப்பது மீட்டருக்குள்ள நிக்கணும், இந்தச் சந்துல நுழையுமா? நுழையலன்னா மூட்டைதான். மூட்டைன்னா எங்க அடுக்குவீங்க? தோள்பட்டை எப்படி இருக்கு? பையன் எங்க இருக்கான்? எடின்பரோவா, அப்போ வாரத்துக்கு ஒரு தடவை வர மாட்டான்ல? கரண்ட் போனா இது அணைஞ்சிடும், பழைய அடுப்பை மூடாம வச்சிருக்கீங்களா?

ஒரு வீட்டுல வயசான தம்பதி. செங்குத்தான படி, சந்து குறுகல். எங்க ஃபார்ம்படி அந்த வீடு முழுத் தகுதி. இவர் அவங்ககிட்ட "உங்களுக்கு இது வேண்டாம், முதல்ல கூரைக்கு இன்சுலேஷன் போடுங்க, அப்புறம் ஹீட் பம்ப் பாருங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டார். மார்ச் 31 நெருங்குது, ஒவ்வொரு பாய்லரும் கம்பெனிக்கு வருமானம். வேன்ல ஏறினதும் நான் கேட்டேன், "ஏன் சார், அவங்களுக்குக் காசு வருமே?" அவர் சொன்னார்: "காசு மூணு மாசத்துக்கு ஒரு தடவை வரும், சன். மூட்டை தினமும் வரும்."

அந்த வார இறுதியில மாலிக், காரின்னு அடுத்தடுத்து ரெண்டு புயல். வடக்கு ஸ்காட்லாந்து முழுக்க மரம் சாஞ்சு கரண்ட் போச்சு. ஜனவரி 31, திங்கட்கிழமை காலையில ஃபிட்டர் சொன்னார், "மேட்டுத் தெருவுல ஒரு அம்மா தனியா இருக்காங்க, ஒரு எட்டு பார்த்துட்டு வருவோம்." அட்ரஸைப் பார்த்தேன். என் லிஸ்ட்ல "பயன்பாட்டில் இல்லை"ன்னு சிவப்புல இருந்த வீடு. எனக்குச் சந்தோஷமா இருந்தது, ஒரே கல்லுல அந்த சுவிட்சையும் மாத்திடலாமேன்னு. பையில புது சுவிட்ச் கூட எடுத்துக்கிட்டேன்.

எழுபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும் அந்தப் பாட்டிக்கு. கரண்ட் இல்ல, பாய்லர் அணைஞ்சிருந்தது. பழைய கணப்புல விறகு போட்டு, அந்த ஒரு ரூம்ல மட்டும் உட்கார்ந்திருந்தாங்க. எங்களை உட்கார வச்சு, அந்த நெருப்புலயே கெட்டில் வச்சு டீ போட்டுக் கொடுத்தாங்க. ஃபிட்டர் என்னைக் காட்டி "இந்தப் பையன்தான் இந்தியாவுல இருந்து உங்க பாய்லரைப் பார்த்துக்கிறான்"னார். அந்தம்மா முகம் மாறிடுச்சு. எழுந்து போய் ஒரு டிராயரைத் திறந்து, நாலா மடிச்ச ஒரு பேப்பரைக் கொண்டு வந்தாங்க. நாங்க அனுப்பின மெயில். நூலகத்துல போய் பிரிண்ட் எடுத்திருக்காங்க.

"நான் முடிஞ்ச வரைக்கும் எரிக்கிறேன். காசைத் திருப்பிக் கேட்பீங்களா?"

எனக்கு வாயில பதிலே வரல. பின்பக்கக் கொட்டகைக்குப் போனோம். பாய்லர், தொட்டி, மூடி எல்லாம் இருந்தது. மூடியோட சுவிட்ச் புதுசு மாதிரி இருந்தது, ஒரு துரு இல்ல. தொட்டிக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூல். அது மேல ஒரு சமையல் பாத்திரம், கைப்பிடி வச்சது. கொட்டகையோட இன்னொரு மூலையில மூட்டைகள். மேல் மூட்டையோட வாயை மட்டும் கத்தரியால வெட்டியிருந்தது.

அவங்க வீட்டுக்காரர் ஜூன் மாசம் தவறிட்டார். பாய்லர் 2016-ல அவர் ஆசைப்பட்டு மாட்டினது. மூட்டை தூக்குறது எப்பவும் அவர்தான். பத்து கிலோ மூட்டையை இடுப்பு உயரத்துக்குத் தூக்கித் தொட்டியில கொட்ட அந்தம்மாவால முடியல. அதனால பாத்திரத்துல அள்ளி அள்ளிப் போட்டிருக்காங்க. ஒரு பாத்திரத்துக்கு ரெண்டரை கிலோ பிடிக்கும். ஒரு நாளைக்கு ஆறு தடவை. மூடியைத் திற, கொட்டு, மூடு. பத்து செகண்ட், பதினைஞ்சு செகண்ட்.

ஜூன்ல தவறினதால டேட்டாவுல ஒண்ணும் தெரியல. கோடையில பாய்லர் ஓடாது. அக்டோபர்ல குளிர் ஆரம்பிச்சப்பத்தான் அந்த மரணம் எங்க ஸ்கிரீனுக்கு வந்தது. நான் அதை நாய்ஸ்னு சொல்லி அழிச்சேன்.

அன்னைக்கு ராத்திரி தங்குற இடத்துல லேப்டாப்பைத் திறந்து, ஃபில்டரை எடுத்துட்டு அந்த வீட்டோட ரா டேட்டாவைப் பார்த்தேன். நவம்பர் நடுவுல, எங்க மெயில் போன மறுநாள்லருந்து, ஆறு தடவை ஒன்பது தடவையா ஆகியிருந்தது. அதுல கடைசித் தடவை பல நாள் ராத்திரி பதினோரு மணிக்கு மேல. மேல் காலத்துல வெளி வெப்பநிலையும் இருந்தது. சில ராத்திரி ரெண்டு டிகிரி. வீட்டுக்குள்ளருந்து கொட்டகைக்குப் போக வெட்டவெளியில பன்னிரண்டு அடி. மழையில, கையில பாத்திரத்தோட. நாங்க அனுப்பின ஒரு வாக்கியத்துக்குப் பயந்து.

அந்த வாக்கியம் தப்புங்கிறது இன்னும் கொடுமை. நான் முன்னாடி சொன்னேனே, பெரும்பாலான வீட்டுக்குக் காசு மதிப்பீட்டை வச்சுத்தான்னு. இந்த வீடும் அதுல ஒண்ணு. பாய்லர் வேலை செய்யுது, பராமரிக்கிறோம், பயன்படுத்துறோம்னு வருஷத்துக்கு ஒரு தடவை உறுதி சொல்லணும். அந்தம்மா அதைச் செஞ்சிருந்தாங்க. பாதி எரிச்சாங்கங்கிறதுக்காக அவங்க காசு குறைஞ்சிருக்காது. வட அயர்லாந்துக் கதையைச் சொல்லிச் சிரிச்ச நாங்க, எங்க டெம்ப்ளேட்டுல "எவ்வளவு எரிச்சீங்களோ அவ்வளவு காசு"ங்கிற மாதிரியே எழுதி வச்சிருந்தோம். யாரும் கவனிக்கல.

மறுநாள் காலையில நானே போய் சொன்னேன். காசை யாரும் திருப்பிக் கேட்க மாட்டாங்க, அந்த மெயில் எங்க தப்பு, மன்னிச்சிடுங்கன்னு. அந்தம்மா கோபப்படல. "அப்போ ராத்திரி பதினோரு மணிக்கு நான் போக வேண்டாமா?"ன்னு மட்டும் கேட்டாங்க. வேண்டாம்னு சொன்னேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அப்புறம் என்ன பண்ணோம்னு கேட்பீங்க. பெரிய டெக்னாலஜி எதுவும் இல்லை. ஊதி நிரப்புற லாரி அந்த மேட்டுச் சந்துக்கு வராது. அதனால ஃபிட்டர், இருந்த தொட்டி மேல ஒரு நீட்டிப்பு வச்சு முந்நூறு கிலோ பிடிக்கிற மாதிரி பெருசாக்கினார். குளிர்காலத்துலயே பத்து பன்னிரண்டு நாளைக்கு வரும். அந்த ஊர்ல வீட்டுக்கு வீடு கரி மூட்டை போடுற ஒருத்தர் இருக்கார். இப்போ பெல்லட் மூட்டையும் அவர்தான் போடுறார். மூட்டையைக் கொட்டகையில அடுக்கிட்டுப் போறவர், கூடக் கொஞ்சம் காசுக்கு அதைத் தொட்டியிலேயே கொட்டிட்டுப் போக ஒத்துக்கிட்டார். சாம்பல் மட்டும் அந்தம்மா எடுக்கணும். நல்ல பெல்லட்ல நூறு கிலோவுக்கு ஒரு கிலோ சாம்பல் கூட வராது. அதை ரோஜாச் செடிக்குப் போடுவாங்களாம்.

நான் என் பக்கம் ரெண்டு மாத்தம் பண்ணேன். அந்த மூணு வரியை எடுத்தேன். தானா மெயில் போறதை நிறுத்தி, டேட்டா மாறின வீட்டுக்கு முதல்ல ஒரு ஆள் போன் பண்ணணும்னு வச்சோம். அதுக்கு மேனேஜர்கிட்ட சண்டை போட வேண்டியிருந்தது. "ஸ்கேல் ஆகாது"ன்னார். மொத்தமே இருநூத்திச் சொச்சம் வீடுதான் சார், என்னத்தை ஸ்கேல் பண்றதுன்னு கேட்டேன். போன் பண்ணி விசாரிச்சதுல முதல் மாசத்துலயே இன்னும் மூணு வீடு இதே மாதிரி. ஒருத்தருக்கு இடுப்பு ஆபரேஷன். ஒரு வீட்டுல மகன் வேலைக்கு வெளியூர் போயிட்டான். ஒரு வீட்டுல உண்மையாவே சுவிட்ச் ரிப்பேர். அதையும் சொல்லிடணும், இல்லன்னா நீங்க சென்சாரையே நம்ப மாட்டீங்க.

சர்வே ஃபார்ம்ல நாப்பத்திமூணாவதா ஒரு கேள்வியும் சேர்த்தோம்: "மூட்டையை யார் தூக்குவார்கள்? அவரால் முடியாமல் போனால் யார்?" ஃபிட்டரைப் பார்த்துத்தான் எழுதினது. அவர் அதைப் படிச்சிட்டு, "இது முதல் கேள்வியா இருக்கணும்"னார். மாத்திட்டோம்.

இன்னைக்கு அந்தத் திட்டம் புது ஆட்களுக்கு மூடிடுச்சு. இப்போ காத்து ஹீட் பம்ப் பக்கம்தான் அடிக்குது. 2023 கடைசியில இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் ஹீட் பம்ப் மாட்ட 7,500 பவுண்டு மானியம் இருந்தது, பயோமாஸ் பாய்லருக்கு 5,000. அதுவும் கேஸ் பைப் இல்லாத கிராமப்புற வீடுகளுக்கு மட்டும். பெல்லட் பாய்லர் மோசமான சாமான்னு நான் சொல்ல வரல. வசதியான கொட்டகை, லாரி வர்ற வழி, திடமான ஒரு ஆள் இருக்கிற வீட்டுல அது நல்லா ஓடுறதை நான் பார்த்திருக்கேன். ஆனா ஹீட் பம்புக்கும் ஒரு ஃபார்ம் வரும், ஒரு டாஷ்போர்டு வரும். அதை எழுதுற பசங்கள்ல பாதிப் பேரு ஓஎம்ஆர்லயோ கோயம்புத்தூர்லயோதான் உட்கார்ந்திருப்போம். அதுக்காகத்தான் இதைச் சொல்றேன்.

இதைக் கேட்கிறவங்கள்ல நிறையப் பேரு டேட்டா கிளீன் பண்ற வேலையில இருப்பீங்க. அவுட்லையர்னு ஒரு வரிசையை டெலீட் பண்றதுக்கு முன்னாடி, அந்த நேரத்துல அந்த இடத்துல ஒரு ஆள் என்ன செஞ்சுக்கிட்டு இருந்திருக்கலாம்னு ஒரு நிமிஷம் யோசிங்க. தெரியலன்னா போன் பண்ணிக் கேளுங்க. எனக்கு அது ஒரே ஒரு போன் கால் தூரத்துல இருந்தது. பண்ணல.

அந்த புது சுவிட்ச் இன்னும் என் பையிலதான் இருக்கு. திருப்பிக் கொடுக்க மறந்துட்டேன்.

உங்ககிட்டயும் இப்படி ஒரு மூணு வரி இருந்தா எழுதி அனுப்புங்க. பேர் சொல்ல வேண்டாம்னா சொல்ல மாட்டேன். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.